அப்பாவின் நல்ல பல்

சதுரங்கப்பட்டினம் போகும் பேருந்தில், எனக்குப் பின் இருக்கையில் ஒரு பெண் தன் அப்பாவிடம் சொன்னாள்.

“படிக்கும்போது உன் நல்ல பல்ல புடுங்கிட்டேன்ல நைனா, அத அப்ளிகேஷன்ல எழுதிட்டேன்.”

“இன்னா அப்ளிகேஷன்?”

“எங்க பல் காலேஜ்ல வாத்தியாருங்களுக்கு ட்ரெய்னிங் குடுக்க கிராண்ட் பணம் கேட்டோம்ல, அதுக்கு. கிராமத்து ஆஸ்பத்திரில படிக்கிற பசங்க வைத்தியம் பாக்கும்போது பக்கத்துல நின்னு சொல்லித்தரணும். அன்னிக்கு என் பக்கத்துல யாரும் நிக்கல, சொத்தைய வுட்டுட்டு அடுத்தத புடுங்கிட்டேன்னு எழுதினேன்.”

“அதுவும் ஆடிகினுதான் இருந்துச்சு. அப்பவே சொன்னேனே.”

“எக்ஸ்ரே இன்னும் என்கிட்ட கீது நைனா. அது கல்லு மாதிரி இருந்த பல்லு.”

பேருந்து இரண்டு நிறுத்தங்களைக் கடந்தது. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“கிராண்ட் குடுத்துட்டாங்களா?”

“நேத்து லெட்டர் வந்துச்சு.”

“அப்ப சரி. அந்த சொத்தப் பல்லு இன்னும் அங்கயேதான் கீது. வேற எவன்கிட்டயும் காட்டல. உன்கிட்ட படிக்கிற பசங்கள்ல ஒருத்தன வுட்டு புடுங்கச் சொல்லு. நீ பக்கத்துல நில்லு.”