ஐந்தாம் இருக்கை

எதிரெதிரே உட்கார்ந்து போகிற வண்டியில் முதல் தொல்லை முழங்கால்தான். யார் காலை யார் எங்கே வைப்பது என்று முடிவாவதற்குள் இரண்டு தெரு தாண்டிவிடும். இருக்கை செய்கிறவர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். நீங்களும் நானும் இப்போது இடித்துக்கொள்ளாமல்தானே உட்கார்ந்திருக்கிறோம். இரண்டாவது தொல்லை காது. அது என் வேலை.

என் அக்கா உட்கார்ந்த இடத்தைக் காட்டு என்றீர்கள். இப்போது நீங்கள் உட்கார்ந்திருப்பதுதான் அது, ஐந்தாம் இருக்கை. வாக்குமூலத்தையும் இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். பணிமனையில் வேறெங்கே உட்கார்ந்தாலும் தகடு வெட்டும் சத்தம் மண்டையைப் பிளக்கும். இந்தக் கதவைச் சாத்திவிட்டால் அவரவர் மூச்சு அவரவருக்கே கேட்கும். தண்ணீர் பாட்டில் உங்கள் வலப்பக்கம் இருக்கிறது, இன்னும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். வந்து உட்கார்ந்ததும் ஏழு கேள்வி கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நான் அதிகம் பேசாதவன். பேச ஆரம்பித்தால் முழுதாகச் சொல்லிவிடுவேன்.

சாதாரண காரில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்காருகிறார்கள். கதவுக்கு ஒரு ஸ்பீக்கர் வைத்தால் வேலை முடிந்தது. இங்கே என் இடது உங்கள் வலது. எனக்குச் சரியாக வைத்த பாட்டு உங்களுக்குத் தலைகீழாக வரும். அதனால் ஒவ்வொரு இருக்கையின் தலைமெத்தைக்குள்ளும் காதுக்கு ஒன்றாக இரண்டு சின்ன ஸ்பீக்கர் வைத்தேன். கூரையில் ஒவ்வொருவர் தலைக்கு மேலேயும் ஒரு மைக். ஓடுகிற வண்டியில் எதிரே இருப்பவர் பேசுவது கேட்காமல் ஆளாளுக்குக் கத்துவார்கள் இல்லையா? அதற்காக எதிரே இருப்பவரின் குரலை மைக் பிடித்து, சாலைச் சத்தத்தைக் கழித்து, உங்கள் காதருகே கொண்டுவந்து வைக்கும். மெல்லப் பேசினாலும் போதும். என் வேலையில் நான் பெருமைப்படுகிற ஒரே விஷயம் இதுதான்.

இதில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. பேசுகிறவரின் சொந்தக் குரல் அவர் காதுக்கே திரும்பி வரக் கூடாது. உடனே வந்தால்கூடப் பரவாயில்லை, தெரியாது. ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்து வந்தால் நாக்கு தடுக்கி விழும். சொன்ன வார்த்தையை வாய் மறுபடி சொல்லும், அடுத்த வார்த்தை தொண்டையிலேயே நிற்கும். எவ்வளவு பெரிய பேச்சாளரானாலும் அதே கதிதான்.

இது எங்களுக்குத் தெரிந்தது ஒரு தவறால். எதிரெதிர் இருக்கை என்பதால் படம் வரையும்போது நான் இணைப்புகளை ஒரு முறை திருப்பி வரைந்தேன். வயர் இணைப்பவர் எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார். படத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று நினைத்து அவரும் ஒரு முறை திருப்பினார். இரண்டு முறை திருப்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். அவரவர் மைக் அவரவர் தலைமெத்தைக்கே போய்ச் சேர்ந்தது. அன்றைக்குச் சோதிக்க வந்தவர் வாய் ஓயாதவர், அவருக்குப் பட்டப்பெயரே ரேடியோ. சத்தம் கழிக்கிற பெட்டி அப்போது சோம்பேறியாக இருந்ததால் குரல் தாமதமாகத் திரும்பியது. ரேடியோ இரண்டு வாக்கியத்தில் திக்கித் திணறி, தொண்டையைத் தடவிப் பார்த்தார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வயரை அன்றே மாற்றிவிட்டார்கள். ஆனால் ரேடியோ இரண்டு நாள் வார்த்தைக்கு வார்த்தை யோசித்துப் பேசினார். அதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினேழு. அன்று முதல் எனக்கு வாய் அவள்தான். பள்ளிக்கூடத்தில், கடையில், டாக்டரிடம், என் முதல் வேலைக்கான விண்ணப்பத்தில்கூட எனக்காகப் பேசியது அவள். வீட்டில் அவள் பேசுவாள், நான் கேட்பேன். ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவாள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும்.

அவள் அவசர உதவித் தொலைபேசியில் பதினான்கு வருடமாக வேலை பார்த்தாள். ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று மறுமுனையில் பதறுகிறவர்களுக்குச் சொல்லித்தருகிற வேலை. அவள் குரலைக் கேட்டே பாதிப் பேருக்கு உயிர் திரும்பிவிடும் என்பார்கள். போன வருடம் ஒரு மாலை, செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"டேய் ஊமைக்கோட்டான், எனக்கு வேற ஊருக்கு மாத்தல் வரும்போல. புதுசா சேர்றவங்களுக்கு எப்படிப் பேசணும்னு நான் கத்துக்கொடுக்கணுமாம். ஒரு பரீட்சை மாதிரி வெப்பாங்க, அவ்வளவுதான்."

"சரிக்கா."

"சரிக்காவா? போகாதேன்னு ஒரு பேச்சுக்காவது சொல்ல மாட்டியா?"

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அது அவளைக் கட்டாயப்படுத்துவது மாதிரி ஆகிவிடும். ஒருவரைக் கட்டாயப்படுத்துவது எனக்கு எப்போதும் பிடிக்காது.

அந்தச் சமயத்தில்தான் இந்த வண்டியைத் தினமும் சாலையில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். சொந்தக்காரர்களையும் ஏற்றிக்கொள்ளலாம், படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். அக்கா சந்தோஷமாகப் போட்டாள். காலையில் நாற்பது நிமிடம், நான் இரண்டாம் இருக்கையில், அவள் எதிரே ஐந்தாம் இருக்கையில். ஓட்டுநர் முன்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அவள் அலுவலக வாசலில் இறங்கிக்கொள்வாள்.

முதல் மூன்று நாள் எதுவும் செய்யவில்லை. நான்காம் நாள் ஐந்தாம் இருக்கையின் குரலை, அதே ஐந்தில் ஒரு பங்கு விநாடித் தாமதத்தோடு, ஐந்தாம் இருக்கைக்கே திருப்பினேன். மிக மெல்ல. சாலைச் சத்தத்துக்கு அடியில், கேட்கிறதா இல்லையா என்ற அளவில். நாளுக்கு நாள் ஒரு நூல் ஏற்றினேன். என் மடியில் இருக்கும் இந்த டேப்லெட்டில் ஒரு கோட்டை விரலால் நகர்த்தினால் முடிந்தது. ஒவ்வொரு நாளும் எவ்வளவு வைத்தேன் என்று சோதனைக் குறிப்பேட்டில் எழுதினேன். அதை வைத்துத்தான் நீங்கள் இங்கே வந்தீர்கள். மறைத்திருக்கலாமே என்று பணிமனையில் ஒருவர் கேட்டார். குறிப்பேட்டில் பொய் எழுதிப் பழக்கமில்லை.

வண்டிக்குள் மட்டும் திக்கினால் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்காதா என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. இருபது காலை தடுக்கி விழுந்தவர்கள் இருபத்தோராவது நாள் இறங்கிய பிறகும் தரையைப் பார்த்துத்தான் நடப்பார்கள். அவள் அலுவலகத்தில் காதில் மாட்டுகிற கருவியிலும் சொந்தக் குரல் கொஞ்சம் காதுக்குத் திரும்பும். அது உடனே வருவது, தீங்கில்லாதது, பதினான்கு வருடமாகக் கேட்டது. ஆனால் பயந்துபோன நாக்குக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

பரீட்சையில் ஒரு பொய் அழைப்பை வைத்தார்கள். அவள் மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டாள். சாயங்காலம் வந்து, "நாக்கு சுளுக்கிடுச்சுடா" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைக் கழுவப் போனவள் வெகுநேரம் வரவில்லை. அன்று நான் சமைத்தேன். அவள் போகப் போவதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்பது உங்கள் அடுத்த கேள்வி. எந்த மருந்தையும் சட்டென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது. அவள் பேச்சு குறையக் குறைய, நான் பேச ஆரம்பித்திருந்தேன். முப்பத்து மூன்று வயதில் முதல் முறையாக. வண்டியில் போகும்போது என் வேலை, நான் படித்தது, ஜன்னலில் கண்டது என்று எதையாவது சொல்வேன். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். "நீயாடா இது?" என்று ஒருநாள் கேட்டாள். அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு நேரமானது. நாற்பத்தோராவது நாள் முழுவதுமாக அணைத்துவிட்டேன். குறிப்பேட்டில் சுழியம் என்று இருக்கும், பாருங்கள். ஒரு மாற்றமும் இல்லை. அணைத்ததை அவள் நாக்கு கவனிக்கவே இல்லை.

டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது, மனசுதான் காரணம் என்றார். ஒருவகையில் அவர் சொன்னது சரி.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் என்னிடம் கேட்டாள். எழுதித்தான் காட்டினாள், பிறகு வாயாலும் சொல்ல முயன்றாள். "ஃபோ... ஃபோன் வேண்டாம், ஃபைல் பாக்குற எடத்துக்குப் போறேன்னு எழுதிக் குடுத்துடவா? யாருக்காவது ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்குடா."

ஃபைல் பிரிவு ஊரின் மறுகோடியில் இருக்கிறது. இந்த வண்டி போகிற பாதை அது இல்லை. எங்களுடைய அந்தக் காலை நாற்பது நிமிடம் இல்லாமல் போய்விடும்.

"போகப் போகச் சரியாயிடும்க்கா, அவசரப்படாதே" என்றேன். அவள் தலையாட்டினாள். நான் பேச ஆரம்பித்த பிறகு என் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு வந்திருந்தது.

அடுத்த வியாழக்கிழமை அந்த அழைப்பு வந்தது. நான்கு வயதுக் குழந்தை, தொண்டையில் பழக்கொட்டை. செய்ய வேண்டியது எளிது. குழந்தையைக் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டும். அக்கா தூக்கத்தில்கூட அதைச் சொல்வாள். அவள் அலுவலக விசாரணைக்குத் துணையாகப் போனபோது எனக்கும் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். "சொல்லுங்க, என்ன பண்ணணும், சொல்லுங்கம்மா" என்று அந்தத் தாய் ஒன்பது முறை கேட்கிறாள். நடுவில் அக்காவின் குரல் "கு" என்ற ஓர் எழுத்தோடு நிற்கிறது. மறுபடி "கு". ஐம்பத்திரண்டு விநாடி. பக்கத்து மேசைக்காரர் ஓடிவந்து கருவியைப் பிடுங்கியபோது மறுமுனையில் கேள்வி நின்றுபோயிருந்தது. தொலைபேசிப் பதிவு என்றாலும் எல்லாம் தெளிவாகவே கேட்டது.

அந்தத் தாயை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தையை எனக்குத் தெரியாது. நான் செய்தது என் வீட்டுக்குள், என் அக்காவுக்கு மட்டும்.

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. ஒரு காகிதத்தில் "என்னாலதான்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, உங்கள் அலுவலகத்தில் கொடுத்தாள். அதைத் திருப்பித் தந்துவிடுங்கள். தவறு அவளுடையது இல்லை. ஐந்தாம் இருக்கையின் குரலைத் திருப்பியது நான், ஏற்றியது நான், ஃபோனை விடாதே என்றது நான். அந்தக் குழந்தை என்னால்தான் செத்தது. இதை நானே வந்து சொல்வதாகத்தான் இருந்தேன். சரியான நேரத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

அவள் இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். எங்கும் போவதில்லை. சாயங்காலம் நான் போய் அன்று நடந்ததைச் சொல்வேன், கேட்டுக்கொண்டிருப்பாள். இன்று உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் விட்டால்.

ஒரு விஷயம் பாக்கி. காதில் தாமதமாகக் குரல் விழுந்தால் பேச்சு போய்விடும் என்று வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீங்களும் வாசலில் நின்று, இதெல்லாம் கதை என்றீர்கள். அதனால்தான் நீங்கள் உட்கார்ந்ததும், அந்த முதல் ஏழு கேள்விக்கு மட்டும், மெல்ல வைத்தேன். ஐந்தாவது கேள்வியில் நின்றீர்கள். ஏழாவதை முடிக்காமல் தண்ணீர் குடித்தீர்கள். புரியவைப்பதற்காகத்தான், வேறு காரணம் கிடையாது. நான் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே அணைத்துவிட்டேன். இதோ, கோடு சுழியத்தில் இருக்கிறது.

அதற்கப்புறம் நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்க வாய் எடுத்து, தொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குறிப்பு எழுதக் குனிந்துவிடுகிறீர்கள். அக்காவும் இப்படித்தான்.

பயப்பட ஒன்றும் இல்லை. அணைத்து அரை மணி நேரம் ஆகிறது. பேசுங்கள்.