கதைக்கிற தொழில்

இல்லைப் பிள்ளை, முதல் பிளேன்ரீயைக் குடியும். என்னத்துக்கு அழுறீர்? செத்தது நானெல்லோ.

பக்கத்து வீட்டு ஜெனீற்றாதான் தன்ர போனில காட்டினவள். லண்டன் மேடையில நீர் சீலைத் தலைப்பால மூக்குத் துடைக்கிறீர், இடுப்பில கையை வைச்சு ஏசுறீர். அச்சொட்டா நான்தான். எனக்கே சிரிப்பு வந்திட்டுது. பிறகு பார்த்தா நீட்டி நிமிர்ந்து படுத்திட்டீர், தலைமாட்டில மெழுகுதிரி. இங்கிலீசு தெரியாட்டிலும் அது விளங்குமெல்லோ. சனம் எழும்பி நிண்டு கை தட்டுது.

ஓம், பரிசு கிடைச்சதும் தெரியும். முதல் தேத்தண்ணிக் கடையளில கதை சொல்லித் திரிஞ்சனீராம், பிறகு புத்தகம், இப்ப பெரிய பெரிய மண்டபம். நல்லா இரும். நான் வயிறெரியேல்லை.

பிழை என்னிலையும் இருக்கு. முதல் முறை வந்தண்டைக்கு இதே கதிரையில இருந்து, லண்டனில கதைக்கிறதுதான் என்ர தொழில் எண்டனீர். உம்மட தமிழ் அப்பிடி. கதை சொல்லுறது எண்டு சொல்ல வந்தனீர் எண்டு எனக்கென்ன தெரியும்? அரசாங்கக் கந்தோர் வழிய போய்ச் சனத்துக்காகக் கதைக்கிற ஆளாக்கும், என்ர பொடியனோடையும் கதைப்பா எண்டு நினைச்சு எல்லாத்தையும் கொட்டினன். ஏஜென்சிக்காரனை நம்பி வெளிநாடு போகாதை எண்டு மறிச்சதை, கேக்காமல் வெளிக்கிட்டவனை என்ர முகத்தில முழியாதை எண்டு ஏசினதை. அவனும் ரோசக்காரன். நாலு வருசமா ஒரு போன் கோல் இல்லை. லண்டனில கண்டது எண்டு ஆரோ சொன்னவை, அவ்வளவுதான். அவனைத் தேடிப் பிடிச்சு, அம்மாக்குக் கோவமில்லையாம் எண்டு சொல்லும் எண்டுதானே உம்மட்டைக் கேட்டனான்?

நீர் பேரைக்கூட மாத்தேல்லை. மரியநாயகி, ஜெனுஷன், ஊர்காவற்துறை. என்ன, மரியாதைக்கோ? நல்ல மரியாதை! அவன் அதைப் பார்த்தா என்ன நினைப்பான்? அம்மா போயிட்டா, இனி ஆருக்குக் கோல் எடுக்கிறது எண்டெல்லோ நினைப்பான்.

கதைக்கு ஒரு முடிவு வேணுமெண்டா வேற என்னவும் செய்யும். வள்ளம் கட்டுற ஜெற்றியில விழுந்து கால் முறிஞ்சு கிடக்கிறன் எண்டு சொல்லும். விசர் பிடிச்சுட்டுது எண்டு சொல்லும். சாகடியாதையும். அடுத்த முறை மேடையில ஏறின உடனை, மனுசி உயிரோட இருக்கு, இந்தா நம்பர் எண்டு தமிழில சொல்லும். உண்ணாணை, உம்மட காலைப் பிடிக்கிறன். ஏலாது எண்டு மட்டும் சொல்லாதையும், பிள்ளை.

சும்மா பயப்பிடுறன் எண்டோ? ஐயோ, இல்லை. போன ஞாயிறு பூசையில புது ஃபாதர் செத்தவையின்ர பேர் வாசிக்கேக்கை, மரியநாயகி எண்டும் வாசிச்சவர். ஆரோ பாவம், என்ர பேர்க்காரி எண்டு நானும் முழங்காலில நிண்டு செபிச்சனான். பூசை முடியப் போய்க் கேட்டா, லண்டனில இருந்து ஜெனுஷன் எண்டு ஒரு பொடியன் கோல் எடுத்தவனாம், அம்மாக்கு ஒரு பூசை வையுங்கோ எண்டு. ஃபாதரின்ர போனில அவன்ர நம்பர் விழேல்லையாம்.