கடைசி ஓவர் யாருக்கு?

சனிக்கிழமை காலை எட்டு இருபதுக்கு அக்ரஹாரத்தில் பேருந்து ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு செவிலியர். மூத்தவர் மருத்துவமனை கிரிக்கெட் அணியின் கேப்டன், இளையவர் பந்துவீச்சாளர்.

“உன்னைச் சேர்க்காம கணக்குப் போட்டா நம்ம டீம் பவுலிங்கே நல்லாயிடுதும்மா” என்றார் கேப்டன். “மத்தவங்க சராசரி ஓவருக்கு எட்டு ரன். நீ பதினொண்ணு குடுக்கற. நாளைக்கு ஃபைனல்ல நீ வேண்டாம்.”

“அக்கா, எல்லா மேட்ச்லயும் கடைசி ஓவர் யாரு போட்டா?”

“நீதான்.”

“கடைசி ஓவர்ல பேட் பண்றவங்க எல்லாரும் அடிக்கணும்னே நிப்பாங்க. அந்த ஓவர ஒருத்தியாவது கேட்டு வாங்கினாளா? நாளைக்கு நீங்க போடுங்க.”

கேப்டன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குத் தோள் வலிடி. ஆய்த்து, சரி, நீயே போடு.”