வெர்னா வீட்டுப் பச்சைத் தண்ணீர்

செப்டிக் டேங்கைத் திறந்தால் ஒரு குடும்பத்தின் வண்டவாளம் முழுக்கத் தெரிந்துவிடும். இருபத்தெட்டு வருஷத்தில் நாலு கல்யாண மோதிரமும் ஒரு பல்செட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பல்செட்டுக்காரர் கழுவிவிட்டு அங்கேயே மாட்டிக்கொண்டார்.

அக்டோபரில் தேறாத டேங்க் ஏப்ரலில் எப்படித் தேறியது என்று கேட்கத்தானே சுகாதாரத் துறையிலிருந்து வந்திருக்கிறீர்கள்? சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் மாசசூசெட்ஸில் டேங்க் தேறிய சான்றிதழ் இல்லாத வீட்டை வாங்க யாரும் சுலபத்தில் கையெழுத்துப் போடமாட்டார்கள். இந்த ஊரில் டேங்கைச் சோதித்து அதை எழுதிக் கொடுப்பது நான். பக்கத்து வீட்டு வெர்னா வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவில் மகளோடு இருக்கக் கிளம்பினாள். அவள் நுரையீரல் இன்னொரு குளிர்காலத்தைத் தாங்காது, பனி விழுமுன் போய்விடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள். பதினோரு வருஷமாக வியாழக்கிழமைதோறும் நாங்கள் சீட்டாடுகிறோம் என்பது அவருக்கு எங்கே தெரியும்?

சோதனை எளிது. கழிப்பறையில் பச்சைச் சாயத்தை ஊற்றித் தண்ணீர் விட வேண்டும். வெளியே புல்தரையில் பச்சை ஊறி வந்தால் டேங்க் தேறாது. மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். சாயம் ஒரு சொட்டுகூட ஊறி வரவில்லை. வெர்னா அடுப்படியில் எனக்காக ஆப்பிள் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். சாயப் புட்டி என் சட்டைப்பையில் இருந்தது.

"எல்வின், புல்லு என்னப்பா இவ்வளவு பச்சையா இருக்கு? உரம் போட்டப்பகூட இப்படி வரலியே" என்று சிரித்தாள். பிறகு நெடுநேரம் இருமினாள்.

"டேங்க் போச்சு, வெர்னா. புதுசாத் தோண்டணும்."

"எப்பத் தோண்டுவாங்க?"

"ஆளுங்க கிடைக்கறதுக்குள்ள மண்ணு உறைஞ்சிடும். இனி மே மாசந்தான்."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

"எங்க போயிடப்போற? சீட்டக் கலை" என்றேன்.

வாங்க வந்தவர் விலகிக்கொண்டார். வெர்னாவுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. தினமும் வாசலில் பனியைத் தள்ளினேன், விறகு கொண்டுபோய்ப் போட்டேன். பிப்ரவரியில் அவளால் சீட்டைப் பிடிக்க முடியவில்லை. அவள் ஆட்டத்தையும் நானே ஆடினேன், நேர்மையாகத்தான். கடைசி வியாழன் அவள்தான் ஜெயித்தாள். சனிக்கிழமை செத்துப்போனாள். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் மகள் வீட்டை விற்க வந்தாள். அதே கழிப்பறை, அதே சாயம். புல் வெறும் புல்லாகவே இருந்தது. தேறியது என்று எழுதிக் கொடுத்தேன்.

"டேங்க யாரு ரிப்பேர் பண்ணாங்க? பில்லு எதையும் காணோமே" என்று கேட்டாள்.

தாயை இழந்த பெண்ணிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "அதுல ஒரு கோளாறும் இருந்ததில்லம்மா" என்றேன். அவள்தான் உங்களுக்கு எழுதியிருப்பாள்.

ஆமாம், புல்லில் சாயத்தை ஊற்றியது நான்தான். ஆனால் உரிமத்தைப் பறிக்குமுன் ஒன்றை யோசியுங்கள். இத்தனை வருஷத்தில் பழுதான ஒரு டேங்கைக்கூட நான் தேறியதாக எழுதியதில்லை. என் கையெழுத்தால் இந்த ஊரில் ஒருவருக்கும் உடம்புக்கு வந்ததில்லை.