சடைச்சிக்கல்லு

ரயிலு வராத காலம். கரிசக்காட்டுல முள்ளுக்கரைன்னு ஒரு ஊராம். அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ ராக்கு. அவளோட சின்ன வயசுக் கூட்டாளி சடைச்சி, ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊருல வாக்கப்பட்டிருந்தாளாம். ஒரே தட்டுல தின்னு வளர்ந்தவங்க.

ராக்கு புருசன் செத்துப்போனான். சடைச்சி போகலை. அவ பிள்ளைக்கு அம்மை. அம்மை போட்ட வீட்டுலருந்து எழவுக்குப் போகக்கூடாதுல்ல? அம்மை இறங்குச்சு, விதைப்பு வந்துச்சு. விதைப்பு முடிஞ்சுது, களையெடுப்பு வந்துச்சு. நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னே நாள் போச்சாம். நாள் போகப் போக, போறதுக்கே கூச்சமாப் போச்சாம். துக்கம் கேக்காதவ அந்த வீட்டுப் படி மிதிக்க முடியாது. சந்தையில ராக்கு தலை தெரிஞ்சா, சடைச்சி மாட்டுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிடுவாளாம்.

ஒருநாள் தாங்கமுடியாம, விடிஞ்சதும் கிளம்பிட்டா. முள்ளுக்கரை எல்லையில வந்து பார்த்தா, ராக்கு வீட்டு வாசல்ல பந்தல்! வாழைமரம்! மகளுக்குக் கல்யாணம். இவளுக்கு வெத்தலைபாக்கு வைக்கலை.

ராக்கு கொழுந்தன் விருமன் கம்போட ஓடிவந்தானாம்.

"நில்லு அங்கேயே! ஆளு செத்தப்ப வராதவ, பந்தக்கால் நட்ட வீட்டுல மாரடிக்க வந்தியோ?"

"உள்ள வரலை. அழாம உள்ள வரவும் முடியாது."

"அப்பத் திரும்பிப் போ."

"இப்பப் போனா இனிமே வரமாட்டேன் கொழுந்தனாரே. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

எல்லையில கிடந்த கல்லுல உக்காந்துட்டாளாம். வெயில் ஏறுது. மேளம் கொட்டுது. கூட்டம் கூடி ஏசுது. தாலி கட்டுற நேரத்துல இவ ஒரு சத்தம் அழுதா தொலைஞ்சோம்னு, விருமன் ஓங்குன கம்பை இறக்கலை. இவ முந்தானையை வாயில கடிச்சுக்கிட்டு இருந்தாளாம்.

தாலி ஏறுச்சு. ராக்கு அதைப் பார்க்கலை. தாலி அறுத்தவ முன்னால நிக்கப்படாதுன்னு, பெத்த தாயைப் பின்கட்டுல உக்கார வச்சிருந்தாங்க. சேதி அவ காதுக்குப் போச்சு. எந்திரிச்சா. கொல்லை வழியா விறுவிறுன்னு எல்லைக்கு வந்தா.

சடைச்சி அவ கையையே பார்க்குறா. துக்கத்துக்குக் கை நீட்டுவாளா, காறித் துப்புவாளா?

"ஏண்டி மூதி, இத்தனை நாளா எந்தக் காட்டுலடி களை வெட்டுன?"

"பயமா இருந்துச்சுடி."

"தள்ளி உக்காரு. எனக்கும் அங்க இடமில்லை."

"மதினி, வேண்டாம்!"னு விருமன் கத்துனானாம். ராக்கு கை நீட்டிட்டா. ரெண்டு பேரும் தோளைக் கட்டிக்கிட்டு, செத்தவனுக்குச் சேரவேண்டிய அழுகையை அழுது தீர்த்தாங்களாம். மேளக்காரன் கொட்டுறதை நிறுத்திட்டானாம். அந்த மகளுக்கு ஒரு கெடுதலும் வரலை. பேரன் பேத்தி பார்த்துத்தான் கண்ணை மூடுனாளாம்.

இன்னைக்கும் முள்ளுக்கரை எல்லையில சடைச்சிக்கல்லு கிடக்கு. விட்டுப்போன துக்கம் கேக்க, எத்தனை வருசம் கழிச்சு வந்தாலும் அதுல உக்காந்தா போதும். சேதி போகும். கல்யாணமோ காதுகுத்தோ, வீட்டுக்காரங்க கைவேலையைப் போட்டுட்டு வரணும். கோவமிருந்தா வந்து ஏசலாம். வராம மட்டும் இருக்கப்படாது.