ரிப்பீட்

இந்தப் பக்கமாக வந்து உட்காருங்கள். இடது காது எனக்கு மந்தம். பீரங்கிக்காரன் எவனுக்கும் இரண்டு காதும் உருப்படியாக இருந்ததில்லை.

நான் மேலே வந்த கதையைத்தான் முதலில் கேட்டீர்கள். பதினெட்டு வயதில் பீரங்கிக் குழாய் துடைக்கச் சேர்ந்தேன். சிப்பாயாகச் சேர்ந்தவன் ஜெனரல் ஆவதென்றால் சும்மாவா? யார் காலிலும் விழவில்லை. இன்று எட்டாயிரம் பேர் எனக்கு சல்யூட் அடிக்கிறார்கள். அதில் ஒன்றைக்கூட நான் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.

நீங்கள் கேட்க வந்த அந்தக் கேப்டன் விஷயத்துக்கு வருகிறேன். நேராக அதிகாரிப் பள்ளியிலிருந்து வந்தவன். அப்போது நானும் கேப்டன்தான், அவனைவிட ஆறு வயது மூத்தவன். எங்களுக்கு மேலே காலியாக இருந்தது ஒரே ஒரு மேஜர் பதவி. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் நான் ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டேன். "குழாய் துடைச்ச கையில ஸ்பூன் நிக்குமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு அற்பன் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு. ரிப்பீட். வயர்லெஸ்ஸில் சரியாகக் காதில் விழாவிட்டால் "மறுபடி சொல்லுங்க" என்றுதான் கேட்க வேண்டும். ரிப்பீட் என்றால், அதே இடத்தில் அதே அளவில் இன்னொரு முறை சுடு என்று பொருள். பயிற்சியின் முதல் நாளே தலையில் குட்டிச் சொல்லித் தருவார்கள்.

அன்று அவன் ஒன்பது சிப்பாய்களோடு மேட்டில் இருந்தபடி, குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கீழே ஆறு பீரங்கிகளோடு இருந்தேன். காற்று கணக்கைக் கெடுத்துவிட்டது. முதல் சுற்று எதிரியைத் தொடாமல் கேப்டன் இருந்த பதுங்குகுழிக்குப் பக்கத்திலேயே விழுந்தது. எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்று கேட்டேன். ஒரே இரைச்சல். அவன் ரிப்பீட் என்றான்.

என் வயர்லெஸ்காரர் பழைய ஆள். "சார், அவருக்குக் கேக்கலைன்னுதான் அப்படி..." என்று இழுத்தார்.

"வந்த கட்டளையை எழுதுங்க" என்றேன்.

ஆறு பீரங்கிகளும் அதே அளவில் சுட்டன. மேட்டில் யாரும் மிஞ்சவில்லை. அந்த ஒன்பது பேரும் என்னைப் போலக் கீழிருந்து வந்தவர்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு. விசாரணைக் குழு பதிவேட்டைப் புரட்டியது, அந்த ஒரு சொல்லைப் பார்த்தது, கேப்டனின் தவறு என்று எழுதி மூடியது. அடுத்த மாதம் நான் மேஜர். இருபத்திரண்டு வருடம் கழித்து வயர்லெஸ்காரர் வாய் திறந்ததால்தான் இன்று நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

அவர் சொன்னது உண்மை. கேப்டன் என்ன கேட்கிறான் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. ராணுவத்தில் விதிமுறை என்றால் விதிமுறைதான். ஒருவனுக்காக அதை வளைக்க நான் யார்? அதுவரை என்னை மரியாதையாக ஒரு வார்த்தை கூப்பிடாதவன், அன்றைக்குச் சொன்னது முழுசாக இவ்வளவுதான்: "அண்ணே, சரியா கேக்கல, ரிப்பீட்."

முதல் மூன்று சொல்லும் கட்டளையில் சேராது. அதனால் எழுதச் சொல்லவில்லை.