மிட்சுயே தாண்டிவிடும் முப்பது விநாடி

மாலை நாலே முக்கால். ஜனவரியில் நாலே முக்கால் என்றால் நம் மலையில் அது ராத்திரிதான்... ஓசுகிதானி பள்ளத்தாக்குக்குப் போகும் ஒற்றைப் பாதை. இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள். பனிச்சுவர் இரண்டாள் உயரம். இல்லை, மூன்றாள். நான் சொல்கிறேன், மூன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த மண்டபத்து டீவியை அணையுங்கள். விளக்கு இருக்கட்டும். எல்லாரும் அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள்.

இது நம் மீன்கடை ஹொன்மாவின் மைத்துனர் தோகாஷிக்கு நடந்தது. கீழூரில் மின்சாமான் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். பல்பு மாட்டக் கூப்பிட்டாலும் டை கட்டிக்கொண்டு வருகிற மனிதர். பேய் பிசாசு என்று யாராவது எடுத்தால், "எர்த் சரியா குடுத்திருக்கீங்களா பாருங்க" என்பார்.

அன்று மதியம் ஓயநாகி கிழவர் போன் செய்தார். நாற்பது வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் தும்மினால் கூரைப் பனி சரியும்; அப்படி ஒரு குரல்.

"கரண்டுக்காரரே, ரெக்கார்டர் தாண்டுது. ஒரே எடத்துல தாண்டுது."

"எந்த எடத்துல, ஓயநாகி சான்?"

"என் பொண்டாட்டி வாயத் தொறக்கிற எடத்துல."

விஷயம் இதுதான். ஐந்து வருஷம் முன்பு ஒரு செயற்கைக்கோள் சேனல்காரர்கள் கீழூர்க் காலைச் சந்தையைப் படம் பிடித்தார்கள். முள்ளங்கி ஊறுகாய் விற்றுக்கொண்டிருந்த கிழவரின் மனைவி மிட்சுயேவிடமும் ஒலிவாங்கியை நீட்டினார்கள். ஒளிபரப்பான இரவு கிழவருக்கு வண்டி வேலை. அதனால் டீவிக்குக் கீழே இருந்த ரெக்கார்டர் பெட்டியில் பதிந்து வைத்தார். மறுநாள் போட்டால், சரியாக அந்த இடத்தில் மிட்சுயே ரிமோட்டைப் பிடுங்கி, முப்பது விநாடி தாண்டும் பொத்தானை அழுத்திவிட்டாள். வெட்கமாம். அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டாலும் இதே கூத்து. சரி, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று கிழவரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

போன ஜனவரியில் மிட்சுயே செத்துப்போனாள். மறுநாள் விடிந்தால் முதலாண்டுத் திதி. தோக்கியோவிலிருந்து மகள் வருகிறாள். மிட்சுயேவின் குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த முப்பது விநாடியில் மட்டும்தான்.

தோகாஷி போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்குள் மண்ணெண்ணெய் வாசம், ஊதுபத்தி வாசம், அடியில் புளித்த முள்ளங்கி வாசம். அடியில் கணப்பு வைத்துப் போர்வை மூடிய கொதாட்சு மேசை, அதைச் சுற்றி உட்கார இரண்டே இரண்டு மெத்தை. வலது மெத்தையில் கிழவர். இடது மெத்தை காலி.

"அது அவ எடம். நீங்க தரையில உக்காருங்க. உங்களுக்குத்தான் கம்பளிப் பேன்ட் இருக்கே."

"நான் வேலைய முடிச்சிட்டு நின்னுக்கிட்டே கெளம்பிடறேன்."

"டை கட்டின கழுத்து அப்படித்தான் பேசும்."

வேலையைத் தொடங்கினார். வெளியே போய் டிஷ்ஷில் பனியைத் தட்டிவிட்டு வந்தார்; பதிந்து முடிந்ததற்கும் டிஷ்ஷுக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்கே தெரியும், கை கேட்கவில்லை. கம்பிகளைக் கழற்றி மாட்டினார். பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். கர்ர்... டக். கர்ர்... டக். ஹார்டு டிஸ்க் சாகக் கிடந்தது. தெரிந்ததுதானே, ஒரு பெட்டியில் பதிந்தது இன்னொரு பெட்டியில் ஓடாது. பெட்டி செத்தால் பதிவும் செத்தது. கையேட்டில் கடைசி வழி ஒன்று இருந்தது: எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. தாண்டல் போய்விடும். மிட்சுயேவும் போய்விடுவாள்.

"ஓடும்போதே டீவித் திரையை என் போன்ல பிடிச்சுத் தர்றேன். இத விட்டா வேற வழியில்ல. இந்த டிஸ்க் நாளைக்கு வரைக்கும் தாங்கினா பெரிசு."

"அப்ப போடுங்க. சீக்கிரம்."

போட்டார். சந்தை. மீன் கூடைகள். ஆவி பறக்கும் மிசோ சூப்பு. ஊறுகாய்ப் பீப்பாய்க்குப் பின்னால் மிட்சுயே, தலையில் நீலத் துணி. ஒலிவாங்கி நீள்கிறது. அவள் வாய் திறக்கிறது...

டக். அடுத்த கடை. யாரோ ஒரு ஆள் காளான் விற்கிறான்.

மறுபடி போட்டார். டக். காளான்.

டிஸ்க் பழுது என்றால் படம் உறையும், கட்டம் கட்டமாக உடையும். இப்படி அளவெடுத்து முப்பது விநாடி தாண்டாது. அது போக, ஒவ்வொரு முறை தாண்டும்போதும் பெட்டியின் முகப்பில் பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டியது. அந்த விளக்கு ரிமோட்டிலிருந்து ஆணை வந்தால் மட்டும்தான் சிமிட்டும்.

ரிமோட்டிலிருந்து பேட்டரிகளை உருவிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, ரிமோட்டை மேசைமேல் வைத்தார். பெட்டியின் பொத்தானை விரலால் அழுத்திப் படத்தை ஓடவிட்டார். நீலத் துணி. வாய் திறந்தது.

பச்சை விளக்கு சிமிட்டியது. டக். காளான்.

"அந்தக் காளான்காரன நான் இந்த வருஷத்துல ஆயிரம் தடவ பாத்துட்டேன்" என்றார் கிழவர். "நேர்ல வந்தா மொத்தறதா இருக்கேன்."

"பக்கத்து வீட்டு ரிமோட் எதாவது..."

"பக்கத்து வீடு அரை கிலோமீட்டர். அவனும் செத்து மூணு வருஷம்."

தோகாஷி கைபேசியை எடுத்தார். கடைக்காரர்களிடம் ஒரு சின்ன வித்தை உண்டு. ரிமோட்டின் ஒளி வெறும் கண்ணுக்குத் தெரியாது. பழைய கைபேசியின் கேமரா வழியாகப் பார்த்தால் ஊதாவாக மின்னும். படத்தை மறுபடி ஓடவிட்டார். கைபேசியை உயர்த்தி, அறையை மெல்லச் சுற்றிப் பார்த்தார். பீடத்தில் மிட்சுயேவின் படம்... ஒன்றுமில்லை. ஜன்னல்... ஒன்றுமில்லை. கிழவரின் மொட்டைத் தலை... ஒன்றுமில்லை. காலி மெத்தை.

மெத்தைக்கு மேல், ஒருவர் உட்கார்ந்து கையை மடியில் வைத்திருந்தால் கை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், ஊதாப் புள்ளி ஒன்று. மினுக். மினுக்.

கைபேசியை இறக்கினார். மெத்தை காலி. ஏற்றினார். மினுக்.

என்ன செய்வீர்கள் நீங்கள்? ஓடியிருப்பீர்கள். நான் ஹொக்கைதோ தீவு வரைக்கும் நிற்காமல் ஓடியிருப்பேன், நடுவில் கடல் இருந்தாலும். ஆனால் தோகாஷி தொழில்காரர். பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பழுதைச் சரி செய்யாமல் அவருக்கு மலை இறங்கத் தெரியாது. கிழவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்தார். ரிமோட் ஒளியை வாங்கும் பெட்டியின் கண்ணில் மூன்று அடுக்கு குறுக்கே ஒட்டினார். கைபேசியில் திரையைப் பிடித்தபடி படத்தை ஓடவிட்டார்.

"இப்பப் பாருங்க, ஓயநாகி சான்."

சந்தை. மீன். நீலத் துணி. வாய் திறந்தது... தாண்டவில்லை.

அப்போதுதான் சத்தம் கேட்டது. இடது பக்கத்தில். ரப்பர் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்தும் சத்தம். டிக். டிக். டிக் டிக் டிக் டிக்... மேசைமேல் ரிமோட் பேட்டரியில்லாமல் மல்லாந்து கிடந்தது.

திரையில் ஒரு பெண் குரல், "வீட்டுக்காரர் ஊறுகாய் போட ஒத்தாசை பண்ணுவாராம்மா?" என்றது.

மிட்சுயே சிரித்தாள். "அவரா? பனியத் தள்ளத் தெரியும், ஒரு முட்ட அவிக்கத் தெரியாது. நான் முன்னால போயிட்டேன்னா என்ன பண்ணுவாரோ? ஒரு வருஷம் விட்டுப் பாப்பேன். ஆகலேன்னு தெரிஞ்சா வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்!"

டிக் டிக் டிக் டிக்...

சந்தையே சிரித்தது. அத்துடன் காளான்காரன் வந்தான். பொத்தான் சத்தம் நின்றது. தோகாஷிக்கு மட்டும் இடது காதருகே ஒரு மூச்சு கேட்டது. கையில் இருந்ததைக் கீழே போட்டு உடைத்துவிட்டவர்கள் விடுவார்களே, அந்த மாதிரி.

கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதச் சொல்லத்தானா இவ்வளவு வெக்கம்? அஞ்சு வருஷம் மறைச்சா பாருங்க, கள்ளி!" பிறகு சுவரில் நாள்காட்டியைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே நின்றது. "நாளைக்கு ஒரு வருஷம்."

"வெளையாட்டுக்குச் சொன்னது, ஓயநாகி சான்."

"என் பொண்டாட்டிய உங்களுக்குத் தெரியாது. சொன்னா செய்வா." எழுந்து சமையலறைப் பக்கம் போனார். "கரண்டுக்காரரே, போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. முட்ட அவிக்க எத்தன நிமிஷம்?"

தோகாஷி சொன்னார். பன்னிரண்டு நிமிஷம்.

வண்டியில் ஏறும்போதே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு முறை வண்டியைத் திருப்பினார், இரண்டு முறையும் பாதி வழியில் மனம் மாறினார். இரவெல்லாம் டேப்பை உரிக்க வேண்டும், உரிக்க வேண்டும் என்று படுக்கையில் புரண்டார். காலை ஏழு மணிக்கு, ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிய மகள் போன் செய்தாள்.

அப்பா கொதாட்சுவில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். பனிவண்டித் தொப்பி தலையில். கையுறை கையில். மேசைமேல் ஒரு தட்டு, தட்டில் ஒரு முட்டை. உடைத்துப் பார்த்தால்... உள்ளே வேகவே இல்லை.

ரெக்கார்டரை மகள் தோகாஷியிடமே கொடுத்தாள். அப்பா அம்மா ஞாபகம், முடிந்தால் காப்பாற்றுங்கள் என்றாள். கைபேசியில் அவர் பிடித்திருந்த படத்தில் சத்தமே இல்லை. ஆகவே ஒரு மாலை, கடையை அடைத்துவிட்டுப் பெட்டியை மேசைமேல் வைத்து, கடை டீவியில் மாட்டிப் போட்டார். கறுப்பு டேப் ஒட்டியபடியே இருந்தது. சந்தை. மீன். நீலத் துணி.

டக். காளான்.

உடனே படம் பத்து விநாடி பின்னால் போனது. இன்னொரு பத்து. இன்னொரு பத்து. நீலத் துணி. வாய் திறந்தது... டக். காளான். மறுபடி பின்னால், பின்னால், பின்னால். ஒருவர் தாண்ட, ஒருவர் இழுக்க, இரண்டு பேர் ஒரே ரிமோட்டைப் பிடித்து மல்லுக்கட்டுகிற மாதிரி.

தோகாஷி கைபேசியை எடுத்துக் கடை முழுக்கச் சுற்றிப் பார்த்தார். எங்கும் ஒளியில்லை. கடைசியில் பெட்டியைப் பார்த்தார். டேப்பின் ஓரங்களில் ஊதா கசிந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து.

டீவி, பெட்டி இரண்டின் மின்கம்பியையும் பிடுங்கினார்.

டீவி மட்டும் இருண்டது. பெட்டியின் பச்சை விளக்கு... சிமிட்டியது. சிமிட்டியது.

பெட்டி இப்போது எங்கே என்றா கேட்கிறீர்கள்? கடையில் வைத்துக்கொள்ள அவருக்குத் தைரியமில்லை. மகள் காப்பாற்றச் சொன்ன பெட்டியை வீசவும் மனசு வரவில்லை. எங்கேயோ ஒரு பொது மண்டபத்துக்கு இனாமாகக் கொடுத்தாராம்.

டீவியை அணைத்தீர்கள், சரி. அதற்குக் கீழே அந்தப் பச்சை விளக்கை யார் போட்டது?